காலணா கட்டிய கோட்டை

காலணா என்றால் என்னவென்று இன்றைய இளைஞர் பலருக்குத் தெரியாது. ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்கு நான்கு காலணா. அந்தக் காலணாவுக்குத்தான் பைசா என்று மற்றொரு பெயர். அறுபத்து நான்கை அடுக்கினால்தான் ஒரு ரூபாய்! 1957 இல் நயா பைசா வந்தது, காலணா விடைபெற்றது. பின்னர் அந்தப் பைசாவுக்கும் மதிப்புக் கரைந்தது. 2011 ஜூன் 30 ஆம் நாளோடு இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாக் காசுகளாயின.

இன்று செல்லாத அந்தச் சின்னஞ்சிறு காசை நம்பி, ஒருவர் அன்று ஏடு நடத்தினார், தோழர்களே! ஜமீன்தாரின் கொடையை அவர் நம்பவில்லை. கோட்டையிலிருந்தோர் தயவை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. காலணாவை நம்பினார். ஏட்டுக்கு வைத்த பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலை மலிவு என்று வெட்கப்படவில்லை அந்த ஏடு. விலையையே விருதாக்கி முகப்பிலே சூடிக்கொண்டது!

அந்த ஏட்டின் ஆசிரியர் அயோத்திதாசப் பண்டிதர். அவர் மறைந்து நூறாண்டுக்கு மேலாகிறது. சென்னை கிண்டியில், காந்தி மண்டப வளாகத்திலே, 2023 டிசம்பர் 1 ஆம் நாள் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. மாலை போடுகிறோம், மணிமண்டபம் எழுப்புகிறோம், வேண்டியதுதான். ஆனால் அவர் ஏடு யார் காசில் நடந்தது என்பதை மட்டும் மறந்து விடுகிறோம். அதை நினைவூட்டத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் இப்போது என்று கேட்பீர். திருநகரிலும் ஹார்விபட்டியிலும், திருப்பரங்குன்றத்தைச் சுற்றிய ஊர்களிலும், மதுரை மாநகரின் மற்ற வார்டுகளிலும் வாழ்கிறோமே நாம், நம் தெருவின் செய்தியை எழுத எத்தனை ஏடுகள் உள்ளன? தலைநகரில் நடப்பது நொடியில் வருகிறது. டெல்லியில் தும்மினால் இங்கே கேட்கிறது. நிலையூர்க் கால்வாயில் தண்ணீர் ஏன் வரவில்லை, துப்புரவுத் தொழிலாளிக்குக் கூலி ஏன் பிடித்தம், பள்ளிக்கூடத்துக்கு ஏன் சுவரில்லை என்று கேட்டு எழுத ஆளில்லை. எழுத வந்தவனும் நாலு இதழ் போட்டுவிட்டுக் கடனாளியாகிக் கடையைக் கட்டுகிறான். நல்ல முயற்சி, பாவம், நின்று விட்டது என்று நாமும் அனுதாபம் தெரிவிக்கிறோம். அனுதாபம் அச்சுக்கூலி ஆகுமா? காகிதம் வாங்கித் தருமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவோர் அயோத்திதாசரின் வாழ்வைப் பார்க்க வேண்டும்.

காத்தவராயன் அயோத்திதாசரான கதை

1845 மே 20 ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற வெள்ளைத் துரையிடம் சமையற்காரர். அந்தச் சமையற்காரரின் வீட்டிலே சுவடிகள் இருந்தன! திருக்குறள் இருந்தது, நாலடி இருந்தது. அவற்றைத் துரையிடம் கொடுத்தார் கந்தப்பன். துரை வழியாக அவை எல்லிஸ் கைக்குப் போயின. இதைப் பேரனாகிய அயோத்திதாசரே பின்னாளில் தம் ஏட்டில் எழுதினார். தீண்டத்தகாதோர் என்று ஊர் ஒதுக்கி வைத்த வீட்டிலே வள்ளுவர் குடியிருந்தார் என்றால், ஒதுக்கியவன் அறிவாளியா, ஒதுக்கப்பட்டவன் அறிவாளியா? விடையை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

பையனுக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்தவர் அயோத்திதாசக் கவிராயர். ஆசானிடம் கொண்ட அன்பினால் காத்தவராயன் தம் பெயரையே மாற்றி அயோத்திதாசர் ஆனார். வடமொழியும் பாலியும் ஆங்கிலமும் அறிந்தார். பிழைப்புக்கு வைத்தியம் பார்த்தார். பின்னாளில் தமிழ்த்தென்றல் என்று நாம் போற்றிய திரு.வி.க., சிறு வயதில் கைகால் முடங்கிக் கிடந்தபோது, மருந்து கொடுத்து எழுப்பி நடக்க வைத்தவர் இந்தப் பண்டிதர்தாம். அந்தச் சிறுவன் வளர்ந்து, 1918 இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது ஆலைத் தொழிலாளரின் பக்கம் நின்றார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அது. தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அயோத்திதாசர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உடல் நோய் தீர்த்தவர் ஊர் நோயையும் பார்த்தார். சாதி என்னும் நோய்! இளமையிலேயே நீலகிரிக்குப் போனவர், அங்கே தோட்டத் தொழிலாளரும் மலைவாழ் மக்களும் படும் பாட்டைக் கண்டார். 1870களில் அங்கே ஒரு சபை அமைத்தார். 1885 இல் ஜான் ரத்தினம் என்ற பாதிரியாருடன் சேர்ந்து 'திராவிட பாண்டியன்' ஏட்டைத் தொடங்கினார். 1891 இல் திராவிட மகாஜன சபை கண்டார். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் உதகையில் மாநாடு கூட்டிப் பத்துத் தீர்மானங்கள் நிறைவேற்றினார். கல்வி வேண்டும், வேலை வேண்டும், பொதுக் கிணற்றில் உரிமை வேண்டும், இழிவுபடுத்தும் பெயர் ஒழிய வேண்டும் என்ற கோரிக்கைகள். இன்றைக்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. அந்தப் பட்டியலைப் பாருங்கள். இன்னும் எத்தனை பாக்கி!

பிறர் மண்டபத்தில் நின்றவருக்குக் கிடைத்த பாடம்

1892 இல் நடந்த நிகழ்ச்சி ஒன்றை மதுரைக்காரர் நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்னை மகாஜன சபையார் மாநாடு கூட்டினர். வக்கீல்கள், பெருநிலக்காரர்கள், வணிகர்கள் நிறைந்த கூட்டம். நீலகிரியின் சார்பிலே போயிருந்தார் அயோத்திதாசர். எல்லா ஊரார் குறையும் பேசி முடிந்த பிறகு, தம் மக்களின் குறையைச் சொல்ல எழுந்தார். விஷ்ணு கோவிலும் சிவன் கோவிலும் எல்லாருக்கும் பொது என்றால், எம் மக்களும் உள்ளே வருவதில் என்ன தடை என்று கேட்டார். எழுந்தது கூச்சல்! தஞ்சையிலிருந்து வந்திருந்த சிவராம சாஸ்திரி என்பவர் விடையிறுத்தார். உங்களுக்கென்று மதுரை வீரன் உண்டு, காட்டேறி உண்டு, கருப்பண்ணன் உண்டு; சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்பது அந்த விடையின் சாரம். அப்படியானால் உங்கள் சாமிகளே எங்களுக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னார் அயோத்திதாசர். படிக்கப் பள்ளிக்கூடமும், பயிர் செய்யத் தரிசு நிலமும் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். கோவில் கதவுக்குக் குறுக்கே நின்றோர், இதற்கு மட்டும் இணங்கித் தீர்மானம் போட்டனர்.

கோவில் பொதுவன்று, கூட்டமும் பொதுவன்று. பிறர் எழுப்பிய மண்டபத்திலே, பிறர் தலைமையிலே, பிறர் ஒதுக்கிய நேரத்திலே எழுந்து நின்றால் கூச்சல்தான் கிடைக்கும். சொந்த மேடை வேண்டும். சொந்த ஏடு வேண்டும்.

அடுத்த ஆண்டே, 1893 இல், அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன் அந்த வழியிலே ஓரடி எடுத்து வைத்தார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அந்தப் பெயரையே ஏட்டுக்குச் சூட்டி, 'பறையன்' இதழைத் தொடங்கினார். கையிலிருந்து செலவிட்டது பத்து ரூபாய். இரண்டு நாளில் நானூறு பிரதிகள் போயின! படிக்கத் தெரியாத கூட்டம், பத்திரிகை எதற்கு என்று ஏளனம் செய்தோரின் வாய் அடைந்தது. 1900 வரை நடந்தது அவ்வேடு.

அயோத்திதாசரின் பயணம் மற்றொரு திசையில் சென்றது. 1898 இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கைக்குச் சென்று, சுமங்கல தேரரிடம் பௌத்தம் ஏற்றார். திரும்பியதும் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் அமைத்தார். பேராசிரியர் இலட்சுமி நரசு அங்கே வந்தார். பின்னாளில் பொதுவுடைமைக் கொடியேந்திய சிங்காரவேலரும் வந்தார்.

அறுபத்திரண்டு வயதில் ஒரு பைசா

1907 ஜூன் 19, புதன்கிழமை. இராயப்பேட்டையிலிருந்து வெளிவந்தது 'ஒரு பைசாத் தமிழன்'. பக்கங்கள் நான்கு. ஆசிரியருக்கு வயது அறுபத்திரண்டு! மற்றவர் திண்ணையில் சாய்ந்து பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லும் வயது. அவரோ கிழமைதோறும் எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார்.

முதல் இதழிலேயே அவர் விடுத்த வேண்டுகோள் என்ன? தத்துவம் அறிந்தோரும் இயற்கை நூல் அறிந்தோரும் கணிதரும் புலவரும் கூடி இதை வெளியிடுகிறோம். நீதியும் நேர்மையும் நாட்டிலே பரவத் தமிழர் ஒவ்வொருவரும் கையொப்பம் வைத்து ஆதரிக்க வேண்டும் என்பது. ஒவ்வொருவரும் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பணக்காரத் தமிழர் ஒருவர் வந்து ஆயிரம் ரூபாயைக் கொட்டட்டும் என்று அவர் எழுதவில்லை. ஆளுக்கு ஒரு பைசா கேட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு கிழமை. ஐம்பத்திரண்டு பைசா என்றால் பதின்மூன்று அணா. ஓராண்டு முழுவதும் வாங்கினாலும் முழு ரூபாய் ஆகாது! ஆயிரம் பேர் வாங்கினாலும் ஏட்டுக்குக் கிடைப்பது கிழமைக்குப் பதினைந்து ரூபாய் பத்தணா. அதிலே காகிதம், மை, அச்சுக்கூலி, தபால். மிஞ்சுவது என்ன? இலாபம் தேடி எவனும் இந்தத் தொழிலில் இறங்க மாட்டான். இலாபம் தேடாத மனிதரிடம்தான் மக்கள் கேட்காமலே கொடுப்பார்கள். சந்தாவுக்கு மேல் அன்பர்களின் நன்கொடையும் சேர்ந்துதான் ஏட்டின் உயிர் நின்றது.

என்ன இருந்தது அந்த நான்கு பக்கத்திலே? அரசியல் இருந்தது. இந்திரர் தேச சரித்திரம் என்ற தலைப்பிலே, இந்நாட்டு வரலாற்றைப் புத்தரின் வழிநின்று திருப்பி எழுதும் தொடர் இருந்தது. வைத்தியம் இருந்தது, உழவு இருந்தது. ஊர் ஊரிலிருந்து வந்த கடிதங்கள் இருந்தன. இன்ன கிராமத்தில் கிணற்றில் நீரெடுக்க விடவில்லை, இன்ன இடத்தில் கொடுமை நடந்தது என்று மற்ற ஏடுகள் தொடாத செய்திகள் இருந்தன. வாசகர் கேள்வி கேட்பர். பண்டிதர் விடை எழுதுவார். 1911 மக்கள் கணக்கெடுப்பு நெருங்கியபோது, சாதிப் பெயரைச் சொல்லாமல் பௌத்தர் என்று பதிவு செய்யுங்கள் என்று இதழ்தோறும் எடுத்துரைத்தார்.

ஓராண்டு ஓடியது. வாசகர் ஒரு கோரிக்கை வைத்தனர்: பெயரிலிருந்து 'ஒரு பைசா'வை எடுத்துவிடுங்கள், 'தமிழன்' என்றே இருக்கட்டும். ஆசிரியர் ஏற்றார். 1908 ஆகஸ்ட் 26 முதல் 'தமிழன்' என்றே வந்தது. இது சாதாரணச் செய்தியா? ஏட்டின் பெயரையே மாற்றச் சொல்லும் உரிமை வாசகனுக்கு எங்கிருந்து வந்தது? அவன் போட்ட பைசாவிலிருந்து வந்தது! சேட்டு நடத்தும் ஏட்டிலே சேட்டு சொன்னால் பெயர் மாறும். பைசாக்காரர் நடத்தும் ஏட்டிலே பைசாக்காரர் சொன்னால் மாறும். கொடுப்பவன் யாரோ அவன் குரல்தான் கேட்கும் என்பது இயற்கை நியதி. ஆகவே கொடுப்பவர் கூட்டம் பெரிதாக இருக்க வேண்டும். ஒவ்வொருவர் கொடுப்பதும் சிறிதாக இருக்க வேண்டும். அப்போதுதான் எந்த ஒருவனும் ஆசிரியனின் கழுத்தைப் பிடிக்க முடியாது.

தங்கம் வெட்டியோர் கொடுத்த செம்பு

அந்தப் பைசாக்காரர்கள் யார்?

கோலார் தங்கவயல்! மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப். 1880களில் இலண்டன் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் வெட்டத் தொடங்கியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் தாழ்த்தப்பட்ட தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே போனார்கள். ஊரிலே பண்ணையாரின் கீழ் அடிமை. அங்கே பூமிக்கடியில் கூலி. எனினும் கூலி காசாகக் கையில் விழுந்தது. அதுதான் வேற்றுமை. நெல்லளந்து அடிமையாக்கிய ஊரிலே ஏட்டுக்குச் சந்தா கட்ட முடியாது. காசு கையில் வந்த ஊரிலே முடிந்தது.

பாறை எந்த நேரமும் வெடித்துச் சரியும். வெப்பம் உடலை வாட்டும். பின்னாளில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது அந்தச் சுரங்கம். உள்ளே இறங்கியவன் மாலையில் ஏறி வருவான் என்பதற்கு உறுதியில்லை. அப்படிப்பட்ட உழைப்பாளி, கூலியில் ஒரு பைசாவை எடுத்துவைத்து, இராயப்பேட்டையிலிருந்து வரும் ஏட்டுக்காகக் காத்திருந்தான்! எழுத்தறிந்தவன் உரக்கப் படிக்க, எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் சூழ இருந்து கேட்டனர். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை எழுந்தது. எம்.ஒய்.முருகேசர் போன்றோர் முன்னின்றனர். பெங்களூர், திருப்பத்தூர், செகந்திராபாத் என்று கிளைகள் பரவின. கடல் கடந்து இரங்கூனிலும், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் கூலிகளாகச் சென்ற தமிழர் இருந்த இடமெல்லாம் 'தமிழன்' சென்றான்.

காசு கொடுத்தவர்கள் காசோடு நின்றுவிடவில்லை. செய்தி அனுப்பினார்கள். சங்கம் கட்டினார்கள். பள்ளி நடத்தினார்கள். சாதிச் சடங்கை ஒழித்துத் திருமணம் செய்தார்கள். ஒரு பைசா கொடுத்தவன், அந்தப் பைசா என்ன ஆயிற்று என்று பார்க்க வருவான். பார்க்க வந்தவன் பங்காளி ஆவான். பங்காளி போராளி ஆவான். சிறு நன்கொடையின் பெரும் பயன் இது. பெருந்தனக்காரர் ஒருவர் மொத்தச் செலவையும் ஏற்றிருந்தால் ஏடு நடந்திருக்கும், இயக்கம் பிறந்திராது!

அயோத்திதாசர் எழுதிய அனைத்தையும் ஒப்ப வேண்டும் என்று நான் கூற வரவில்லை. வெள்ளையர் ஆட்சியிடம் அவர் வைத்த நம்பிக்கை மிகுதி. சுதேசியம் பேசியோரிடம் சாதித் திமிரைக் கண்டு கடிந்தது சரி. ஆனால் அன்னியராட்சியின் சுரண்டலைப் போதிய அளவு கடியவில்லை. தங்கவயலில் தொழிலாளியின் முதுகை முறித்த கம்பெனியும் அந்த ஆட்சியின் நிழலில் வளர்ந்ததுதானே! ஆயினும், அவர் எழுதியது அவர் நெஞ்சில் பட்டது. எவரும் விலை கொடுத்து எழுத வைத்ததன்று. பிழை இருந்தாலும் சொந்தப் பிழை, வாங்கிய பிழையன்று.

மறைந்த பின்னும் நின்றது

1914 மே 5 ஆம் நாள் மறைந்தார் பண்டிதர். மகன் பட்டாபிராமன் ஏட்டை ஏந்தினார். 1915 க்குப் பிறகு அது நின்றது. ஒருவர் தோளிலேயே ஏற்றிய பல்லக்கு, அவர் சாய்ந்ததும் தரையில் இறங்கியது. இதுவும் பாடம்தான். காசு பலருடையதாக இருந்தது. எழுதும் பொறுப்பு ஒருவருடையதாக இருந்தது. எழுத்திலும் பலர் பங்கு கொண்டால்தான் ஏடு நீண்டு வாழும்.

ஆனால் பாருங்கள், கதை அங்கே முடியவில்லை. 1926 இல் 'தமிழன்' மீண்டும் எழுந்தான். எங்கே? இராயப்பேட்டையில் அல்ல, கோலார் தங்கவயலிலே! ஜி.அப்பாதுரையார் ஆசிரியர். வாங்கிப் படித்த ஊரே வெளியிடும் ஊராயிற்று. முப்பதுகளின் நடுப்பகுதி வரை நடந்து, சுயமரியாதை இயக்கத்துக்குத் தோள் கொடுத்தது அவ்வேடு. மாரிக்குப்பம் சித்தார்த்த புத்தகசாலை, பண்டிதரின் எழுத்துக்களைச் சிறு சிறு நூல்களாக அச்சிட்டது. பைசாக் கொடுத்தவர் பதிப்பாளர் ஆனார்!

அதன் பிறகு நீண்ட இருட்டு. பல்கலைக்கழகங்கள் அவரை மறந்தன, பாடநூல்கள் மறந்தன. மறவாதவர் யார்? பழைய 'தமிழன்' இதழ்களைப் பெட்டியில் வைத்துக் காத்த எளிய குடும்பத்தார். அந்தப் பிரதிகள் இருந்ததால்தான், ஞான அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் 1999 இல் அயோத்திதாசர் சிந்தனைகளைப் பெருந்தொகுதிகளாக வெளியிட முடிந்தது. 2005 இல் அஞ்சல் தலை வந்ததும், பின்னர் மணிமண்டபம் எழுந்ததும் அந்தப் பெட்டிகள் திறந்த பிறகுதான்.

கோலார் சுரங்கம் 2001 இல் மூடப்பட்டது. நூறாண்டுக்கு மேல் வெட்டிய தங்கத்தில் தொழிலாளிக்கு மிஞ்சியது எது? மலை மலையாய்க் குவிந்த கழிவு மண். அவன் வெட்டிய தங்கம் சீமைக்குப் போயிற்று. அவன் கொடுத்த செம்புக்காசு தமிழாய் நின்றது!

சீமையிலிருந்து ஒரு எச்சரிக்கை

எதிர்ப்பக்கக் கதை ஒன்றும் கேளுங்கள். 1911 இல் இலண்டன் அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தங்கள் நியாயத்தைச் சொல்ல ஒரு சிறு தாளை அச்சிட்டனர். மறு ஆண்டு அது 'டெய்லி ஹெரால்டு' என்ற நாளேடாக வளர்ந்தது. தொழிலாளர் காசில் தத்தளித்துத் தத்தளித்து, ஆனால் தலைநிமிர்ந்து நடந்தது. 1930 இல் பெரிய பதிப்பகம் ஒன்று வந்து பாதிக்குமேல் பங்கைப் பெற்றது. விற்பனை இலட்சக்கணக்கில் ஏறியது, ஆனந்தக் கூத்தாடினர். ஆனால் கடிவாளம் கைமாறிவிட்டதே! 1964 இல் 'ஹெரால்டு' என்ற பெயர் மறைந்து 'சன்' ஆயிற்று. 1969 இல் அந்த 'சன்'னை வாங்கியவர் ரூபர்ட் மர்டாக். வேலைநிறுத்தத்தில் பிறந்த ஏடு, 1984 இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களையே தாக்கி எழுதியது! பங்கை விற்றால் பாசமும் போகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நம் நாட்டில் மாறான சான்றும் உண்டு. உத்தரப் பிரதேசத்துச் சித்ரகூடத்திலே 2002 இல், கிராமத்துப் பெண்கள் சேர்ந்து 'கபர் லஹரியா' என்ற ஏட்டைத் தங்கள் பேச்சுமொழியிலே தொடங்கினர். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட குடியினர். விலை இரண்டு ரூபாய். ஊர் ஊராய் நடந்து செய்தி திரட்டி, தாங்களே கொண்டுபோய் விற்றனர். அயோத்திதாசரின் பெயரை அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் போட்ட பாதையில்தான் நடந்தார்கள்.

ஏழையிடமா காசு கேட்பது?

கேட்பார்கள், தோழர்களே, கட்டாயம் கேட்பார்கள். ஆலைக் கூலிக்காரனிடமும் ஆட்டோ ஓட்டுபவனிடமும் கை நீட்டுவதா? பணமுள்ள பெரிய மனிதர் ஒருவரைப் பிடித்தால் ஒரே நாளில் முடியுமே! அரசாங்க விளம்பரம் வாங்கினால் போதுமே!

முடியும். ஒரே நாளில் தொடங்கவும் முடியும், ஒரே நாளில் முடியவும் முடியும். குவாரிக்காரர் காசில் நடக்கும் ஏடு, கண்மாய் மண் களவு போவதை எழுதுமா? விளம்பரத்தை நம்பிய ஏடு, விளம்பரம் தருபவரின் குற்றத்தைத் தலைப்பிலே போடுமா? போட்டால் மறுநாளே விளம்பரம் நிற்கும்; மறுவாரமே ஏடு நிற்கும். இதைக் கட்சி ஏட்டுக்காரனாகிய நானே சொல்கிறேன். எங்கள் ஏடுகளுக்கு இடமுண்டு, கடமையுண்டு. ஆனால் தெருவின் குறையை எழுத, எந்த ஆட்சி வந்தாலும் எழுத, தெருவின் காசிலே நடக்கும் ஏடும் இருந்தாக வேண்டும்.

ஏழையிடம் கேட்பது இழிவன்று. ஏழையால் முடியாது என்று எண்ணுவதுதான் இழிவு. பெரியார் திரட்டிய நிதிக்கும் 'விடுதலை' ஏட்டிலே பட்டியல் வந்தது. சிறு தொகை கொடுத்தவரின் பெயரும் அச்சேறியது. கொடுத்தவன் அதைக் காட்டிப் பெருமைப்பட்டான், கொடுக்காதவன் வெட்கப்பட்டான். கணக்கு வெளிச்சத்தில் இருந்தால் காசு தானே நடந்து வரும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. உங்கள் வட்டாரத்திலே நேர்மையாக நடக்கும் சிற்றேடு எது என்று தேடுங்கள். தாளாக வந்தாலும் சரி, கைபேசியில் வந்தாலும் சரி. மாதத்தில் இரண்டு நாள் தேநீர்க் காசை அதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு மாதம் கொடுத்துவிட்டு மறுமாதம் மறக்காதீர்கள். ஏட்டுக்குப் பசி மாதாமாதம் வரும். கணக்குக் கேளுங்கள், காட்டாதவருக்குக் கொடுக்காதீர்கள். காசு கொடுத்தோம் என்பதற்காக உங்கள் சம்பந்தியின் குற்றத்தை மறைக்கச் சொல்லாதீர்கள். செய்தி கொடுங்கள். 2005 இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க் கட்டணத்தில் அரசு அலுவலகத்தை எழுத்து மூலம் கேள்வி கேட்க முடியும். கேளுங்கள், வரும் விடையை அந்த ஏட்டுக்குக் கொடுங்கள். அதிகாரியின் மேசையைத் தட்டுவதற்கும் இன்று ஒரு சிறு காசு போதும்!

பத்து வீட்டார் சேர்ந்தால் ஒரு தெரு. பத்துத் தெரு சேர்ந்தால் ஓர் ஏடு. அறுபத்திரண்டு வயதுக் கிழவர் ஒருவர், நாலு பக்கத் தாளைக் கையில் ஏந்தி, பூமிக்கடியில் இருண்ட குகையிலே பாறை வெட்டியவனிடம் ஒரு பைசா கேட்டார். அவன் கொடுத்தான். கூலி உயர்ந்த பிறகு தருகிறேன் என்று சொல்லவில்லை. முதலாளி கொடுக்கட்டும் என்று சொல்லவில்லை. கொடுத்தான், அதனால்தான் நூறாண்டுக்குப் பிறகும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வெளிச்சத்தில் வேலை பார்க்கும் நமக்கு, அவன் கொடுத்ததைக் கொடுக்கும் மனம் இல்லாமலா போய்விடும்?